மாத்திரையின் மேல்தோல்

தாராவி
2 ஆகஸ்ட் 2024, வெள்ளி

சைனபுக்கு, கூடப்பிறந்த காக்கா ஜெயினுலாப்தீன் ஸலாம் சொல்லி எழுதுவது.

போனில் பேசினால் உனக்குக் கேட்பதில்லை. காதில் மாட்டுகிற மெஷினோ என் குரலைக் கேட்டாலே விசிலடிக்கிறது என்கிறாய். உன் மகன் தாஹிரை நடுவில் வைத்துப் பேசினால் நான் சொல்வதில் பாதியை அவன் ஹிந்தியில் முழுங்கிவிடுகிறான். அதனால் வாப்பா காலத்துக் கடிதப் பழக்கத்துக்கே திரும்பிவிட்டேன். வெள்ளிக்கிழமை ஜும்ஆ தொழுகை முடிந்ததும் ஆபீசுக்குப் போகும் வழியில் அவன் என் தோல் பட்டறைக்கு வருவான் அல்லவா, அவன் கையிலேயே கொடுத்தனுப்புகிறேன்.

உன் வீட்டில் ஜஹாங்கீர் மச்சானைப் பார்த்துவிட்டு வந்ததிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை. வாஷி மார்க்கெட்டில் முப்பது வருஷம் வெங்காய மூட்டைக்கு விலை கூவிய மனுஷன். குரலை வைத்துப் பிழைத்தவர். அவர் வலது கையும் காலும் விழுந்து, வாயில் ஒரு சொல் வராமல் கட்டிலில் கிடப்பதைப் பார்க்க எனக்குத் தெம்பில்லை. மறுபடி வரவில்லை என்று கோபித்துக்கொள்ளாதே. தீபாவளிக்குக் கம்பெனிகளுக்குக் கொடுக்கிற தோல் பைகளின் ஆர்டர் கழுத்தை நெரிக்கிறது, முழங்காலும் மடங்க மாட்டேன் என்கிறது.

விஷயத்துக்கு வருகிறேன். போன வருஷம் ஆகஸ்டில் மச்சானுக்கு நெஞ்சில் அடைப்பு வந்தது. டாக்டர் சுப்புலக்ஷ்மி ஸ்டென்ட் வைத்தார். 'இனி பயமில்லை' என்றார். பதினொரு மாதம்தான். இப்போது மூளையில் அடைப்பு. நெஞ்சைப் பார்த்தவருக்குக் கழுத்துக்கு மேலே பார்க்கத் தெரியாதா? வக்கீல் கணேசபாண்டியன் நம் திருநெல்வேலிக்காரர், நம் சந்திலேயே இருக்கிறார். டாக்டர் மேல் கேஸ் போட்டால் நிற்கும் என்கிறார். தாஹிர் கொதித்துப்போயிருக்கிறான். பெற்ற பிள்ளை கொதிப்பது நியாயம்தானே. நீ குறுக்கே நிற்காதே.

உன் காக்கா

---

வாஷி
8 ஆகஸ்ட் 2024

காக்கா அவர்களுக்கு,

உங்கள் கடிதத்தை தாஹிர் என் மடியில் வைத்துவிட்டு, 'க்யா லிக்கா ஹே மாமா நே?' என்று, நீங்கள் என்ன எழுதியிருக்கிறீர்கள் எனக் கேட்டான். முப்பத்தொரு வயதாகிறது, உம்மா பாஷையில் ஒரு வரி வாசிக்கத் தெரியாது. இத்தனை நாள் அது எனக்குக் குறையாக இருந்தது. இன்றைக்கு வசதியாக இருக்கிறது. மனம் விட்டு எழுதலாம்.

அவர் அப்படியேதான் இருக்கிறார். கஞ்சியை ஸ்பூனில் விட்டால் பாதி இடது பக்கம் இறங்கும், பாதி வலது பக்கம் வழியும். சொல்வது எல்லாம் அவருக்கு விளங்குகிறது. பதில்தான் வருவதில்லை. கோபத்தில் இடது கையால் கட்டிலை அடிக்கிறார்.

டாக்டரைக் குறை சொல்கிறீர்கள். உங்கள் நெஞ்சுக்கும் அவர்தானே ரெண்டு வருஷமாக வைத்தியம் பார்க்கிறார்? அவரிடம் அனுப்பியதே நீங்கள்தானே? நானும் தாஹிரும் போய்க் கேட்டோம். சத்தமாக, என் வாயைப் பார்த்துச் சொன்னார்: "நெஞ்சுல ஒரு நோய், மூளையில ஒரு நோய்னு ரெண்டு இல்லம்மா. நோய் ரத்தக் குழாயில. நெஞ்சுக் குழாயில கொழுப்பு படிஞ்சவங்களுக்குக் கழுத்துக் குழாயிலயும் படிஞ்சிருக்கும். அங்கேயிருந்து ஒரு ரத்தக் கட்டி கிளம்பி மேல போயிடுச்சு. ஸ்டென்ட் ஒரு இடத்தை மட்டும்தான் திறக்கும். மத்த இடத்தை எல்லாம் காப்பாத்துறது அந்த ராத்திரி கேப்சூல்தான். ரத்தம் உறையாம இருக்க, கொழுப்பு படியாம இருக்க, எல்லாம் அதுக்குள்ளதான் இருக்கு." பிறகு கேட்டார், அதை ஒழுங்காகப் போட்டாரா என்று. அல்லாஹ் மேல் ஆணையாக, ஒவ்வொரு ராத்திரியும் சாப்பாடு முடிந்ததும் என் கையால் அவர் உள்ளங்கையில் வைத்தேன் என்றேன். ஒழுங்காகப் போட்டாலும் சிலருக்கு வரும் என்றார்.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன், உள்ளே வைத்துப் புழுங்குகிறது. பக்ரீத் முடிந்த வாரம் சாயாக் கடையில் நின்றபோது அவர் வலது கையிலிருந்து கிளாஸ் நழுவியது. பத்து நிமிடம் வாய் குழறியது. நான் பதறிப்போய், "நெஞ்சு வலிக்குதா?" என்றேன். இல்லை என்று தலையாட்டினார். நெஞ்சுதான் வலிக்கவில்லையே என்று வீட்டுக்கு வந்துவிட்டோம். வெயில் என்று நினைத்தோம். டாக்டரிடம் இப்போது சொன்னதும் அவர் கண்ணை மூடிக்கொண்டார். "அது மூளை கொடுத்த எச்சரிக்கை, அன்னைக்கே வந்திருக்கணும்மா" என்றார். அந்தத் தப்பு என்னுடையது. அதை வேறு யார் தலையிலும் வைக்க மாட்டேன்.

கடைசியாக ஒன்று. அன்று நீங்கள் வந்ததும் அவர் குழந்தை மாதிரி அழுதார். இடது கையால் தொண்டையைத் தொட்டுத் தொட்டுக் காட்டினார். தாகம் என்று நினைத்துத் தண்ணீர் கொடுத்தேன், வாயை இறுக்கி மூடிக்கொண்டார். நீங்கள் உடனே கிளம்பிவிட்டீர்கள். ஏன் காக்கா?

சைனப்

---

தாராவி
16 ஆகஸ்ட் 2024

சைனபுக்கு,

அவசரத்தில் நாலு வரி. தாஹிர் புகாரில் கையெழுத்துப் போட்டுவிட்டான். டாக்டரம்மாவின் பெயரை கூகுளிலும் எழுதிக் கிழித்திருக்கிறான், நூறு பேர் லைக் போட்டிருக்கிறார்கள் என்று காட்டினான். நீ ஆணையிட்டுச் சொன்னாய் பார், ஒவ்வொரு ராத்திரியும் உன் கையால் கொடுத்தேன் என்று, அதுதான் கேஸுக்கு முதுகெலும்பு என்கிறார் கணேசபாண்டியன். அதையே அஃபிடவிட்டாக எழுதி நீ கையெழுத்திட வேண்டும். செப்டம்பர் முப்பதாம் தேதிக்குள் போதும்.

மச்சான் அழுததற்கு நான் என்ன சொல்ல? இந்த நோய் வந்தவர்கள் யாரைப் பார்த்தாலும் அழுவார்களாம். நீ அதையே நோண்டிக்கொண்டிருக்காதே.

காக்கா

---

வாஷி
12 செப்டம்பர் 2024

காக்கா,

உங்கள் மச்சானை அடக்கம் செய்து பத்து நாள் ஆகிறது. மையத்து எடுக்கும்போது வாசலில் ரெண்டாம் வரிசையில் நின்றீர்கள், தோள் கொடுத்தீர்கள், என் முகத்தை மட்டும் பார்க்காமல் போனீர்கள். நான் பார்த்தேன்.

இத்தாவில் இருக்கிறேன். நாலு மாதம் பத்து நாள் வாசலைத் தாண்ட முடியாது. இல்லாவிட்டால் இந்நேரம் உங்கள் பட்டறையில் வந்து உட்கார்ந்திருப்பேன்.

ஞாயிற்றுக்கிழமை அவர் துணிமணிகளைத் தானம் கொடுக்க எடுத்து வைத்தேன். அலமாரியின் மேல்தட்டில், ஹஜ்ஜுக்கு வைத்திருந்த இஹ்ராம் துணிக்குப் பின்னால், பேரீச்சம்பழ டப்பா ஒன்று இருந்தது. ரமலானில் வாங்கிய பிளாஸ்டிக் டப்பா. மிச்சப் பழம் கெட்டுப்போயிருக்கும் என்று திறந்தேன். உள்ளே கேப்சூல்கள். நான் ஒவ்வொரு ராத்திரியும் அவர் உள்ளங்கையில் வைத்த அதே கேப்சூல்கள். எச்சில் பட்டு இளகி, ஒன்றோடொன்று ஒட்டிக் காய்ந்து கிடந்தன. நாக்குக்கு அடியில் வைத்துக்கொண்டு, தொழுகைக்கு முன் உளூச் செய்யப் போகிறேன் என்று வாஷ்பேசினுக்குப் போய்த் துப்பியிருக்கிறார். குப்பையில் போட்டால் என் கண்ணில் படும் என்று சேர்த்து வைத்திருக்கிறார். என்னோடு நாற்பது வருஷம் வாழ்ந்த மனுஷன், காக்கா. என்னிடம் ஒரு பொய் சொல்லி நான் கண்டதில்லை.

தரையில் உட்கார்ந்து ஒவ்வொன்றாகப் பிரித்து எண்ணினேன். நூற்றிருபது. அவர் விழுந்தது ஜூலை ஒன்பதாம் தேதி காலை. அதற்கு முந்தின ராத்திரியிலிருந்து காலண்டரில் பின்னோக்கி எண்ணிக்கொண்டே போனேன். மார்ச் பதினொன்றில் போய் நின்றது. திங்கட்கிழமை. ரமலான் பிறை பார்த்த நாள்.

அன்று சாயங்காலம் அவர் உங்கள் பட்டறையில் இருந்தார். வீட்டுக்கு வந்தவர் முகம் சரியில்லை. கேட்டேன், ஒன்றுமில்லை என்றார்.

என்ன சொன்னீர்கள் அவரிடம்? நான் இப்போது அந்த அஃபிடவிட்டில் என்னவென்று கையெழுத்துப் போடுவேன்? தாஹிரிடம் டப்பாவைக் காட்டவில்லை. உங்கள் பதில் வரட்டும் என்று வைத்திருக்கிறேன்.

சைனப்

---

தாராவி
16 செப்டம்பர் 2024

சைனபுக்கு,

உன் கடிதத்தைப் படித்து எனக்குக் கோபம்தான் வந்தது. பட்டறைக்கு ஆயிரம் பேர் வருகிறார்கள், போகிறார்கள். ஆறு மாதத்துக்கு முன்னால் என்ன பேசினோம் என்று யாருக்கு ஞாபகம்? ஊர்க்கதை பேசியிருப்போம், வெங்காய விலை பேசியிருப்போம். மச்சானுக்கு வயிற்றெரிச்சல் உண்டு, அதனால் நிறுத்தியிருப்பார். ஆண்பிள்ளைகள் பெண்டாட்டியிடம் எல்லாவற்றையும் சொல்வதில்லை.

அந்த டப்பாவை வெளியே எடுக்காதே. வக்கீலுக்குத் தெரிந்தால் கேஸ் அங்கேயே படுத்துவிடும். வீட்டு வேலைக்கு வருகிற பெண்ணிடம் கொடுத்து வாஷி பாலத்திலிருந்து கடலில் போடச் சொல். போனவர் போய்விட்டார். இதை வைத்து நீ என்ன செய்யப்போகிறாய்?

18 செப்டம்பர்

முந்தாநாள் எழுதியதைக் கிழித்துப்போட நினைத்தேன். கிழிக்கவில்லை. நான் எப்பேர்ப்பட்டவன் என்று நீயும் பார்த்துக்கொள். அதோடு சேர்த்தே இதையும் அனுப்புகிறேன்.

அந்த நாள் எனக்கு ஒரு சொல் விடாமல் ஞாபகம் இருக்கிறது.

மச்சானின் சுத்தம் உனக்குத் தெரியும். பிஸ்கட் பாக்கெட்டைக்கூடப் பின்பக்கம் திருப்பி வாசிக்காமல் வாயில் வைக்க மாட்டார். போன வருஷம் அவருக்கென்று என் கையால் ஒரு மணிபர்ஸ் தைத்துக் கொடுத்தேன். உள்ளே வைத்த லைனிங் என்ன தோல் என்று கேட்டார். ஆட்டுத் தோல்தான் என்று சொல்லியும், பக்கத்துப் பட்டறையில் பன்றித் தோல் லைனிங் வெட்டுகிறார்கள், கத்தி மாறியிருக்கலாம் என்று திருப்பிக் கொடுத்துவிட்டார். பட்டறைப் பிள்ளைகள் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அது எனக்கு ஆறவேயில்லை.

அன்று நெஞ்சுக்கு என்ன சாப்பிடுகிறீர் என்று பேச்சு வந்தது. அவர் வீட்டுக்கென்று வாங்கிப் பையில் வைத்திருந்த புதுக் கேப்சூல் அட்டையை எடுத்துக் காட்டினார். பர்ஸுக்குப் பதில் கொடுக்க வாய் ஊறிவிட்டது எனக்கு.

"என்ன மச்சான், இதையா முழுங்குதீரு? இதோட மேல்தோல் எதுல செஞ்சது தெரியுமா?"

"எதுல?"

"தோலக் காய்ச்சி எடுக்கதுதான். அந்தா மூலையில கட்டி வச்சிருக்கு பாரும் சாக்கு, நம்ம வெட்டுத் துண்டு, பக்கத்துக் கடைக்காரன் வெட்டுத் துண்டு எல்லாம் ஒண்ணாத்தான் போவுது."

அவர் முகம் மாறியது. "பக்கத்துக் கடைன்னா? பன்னித் தோலுமா?"

"எல்லாந்தான் வே. பர்ஸுல இருந்தா ஆவாது, வயித்துல இருந்தா ஆவுமோ?"

பிள்ளைகள் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அவர் சாயாவைக் குடிக்காமல் எழுந்து போய்விட்டார். பிறை தெரிந்துவிட்டது என்று பள்ளிவாசலில் அறிவித்துக்கொண்டிருந்தார்கள்.

இன்னும் கேள். அது பொய். கேப்சூலின் தோலை மாட்டுத் தோலிலும் எலும்பிலும் எடுப்பார்கள் என்பது நான் கேள்விப்பட்டதுதான். ஆனால் என் மூலையில் கிடக்கிற சாக்கில் இருப்பதெல்லாம் ரசாயனத்தில் பதப்படுத்திய தோல். வாயில் வைக்கிற பொருளுக்கு அதை ஒருவனும் எடுக்க மாட்டான். வாங்கிப்போகிறவன் செருப்பின் உள் அட்டைக்கு அரைக்கக் கொடுக்கிறான். நாற்பது வருஷம் தோல் வெட்டுகிற எனக்கு இது தெரியாதா? தெரிந்தேதான் சொன்னேன். தோல்காரன் சொன்னால் சரியாகத்தான் இருக்கும் என்று அவர் நம்பினார். மார்க்கம் படித்த ஒரு ஆலிமிடம் கேட்டிருந்தால் உயிர் காக்கிற மருந்துக்குத் தடையில்லை என்று சொல்லியிருப்பார். டாக்டரிடம் கேட்டிருந்தால் வேறு மாத்திரையாக மாற்றித் தந்திருப்பார். ரெண்டு பேரிடமும் கேட்க வெட்கப்பட்டிருக்கிறார்.

அவர் கட்டிலில் கிடந்து தொண்டையைத் தொட்டுக் காட்டியபோது நீ தண்ணீர் கொண்டுவரப் போனாய். மருந்தை நிறுத்திவிட்டார் என்று எனக்கு அந்த நிமிடமே விளங்கிவிட்டது. அதனால்தான் ஓடினேன். அதனால்தான் டாக்டர் மேல் கேஸ் போடு என்று தாஹிரைப் பிடித்துத் தள்ளினேன்.

போட்டிருந்தாலும் வந்திருக்கலாம் என்று டாக்டரே சொன்னதாக எழுதியிருந்தாயே, அதைத்தான் இந்த ஒரு மாதமாகப் பிடித்துக்கொண்டு தொங்குகிறேன்.

ஜெயினுலாப்தீன்

---

வாஷி
22 செப்டம்பர் 2024

காக்கா அவர்களுக்கு,

மூன்று முறை படித்தேன். உங்களைத் திட்டி நாலு பக்கம் எழுதி அடுப்பில் போட்டேன்.

வந்திருக்கலாம், வராமலும் இருந்திருக்கலாம். அது அல்லாஹ்வுக்குத் தெரியும். எனக்குத் தெரிந்தது இதுதான்: நூற்றிருபது ராத்திரி அவர் பயந்துகொண்டே இருந்திருக்கிறார். மருந்தைப் போட்டால் ஹராம், போடாவிட்டால் நெஞ்சு, என்னிடம் சொன்னால் நான் கத்துவேன். அந்தப் பயத்தோடு என் பக்கத்தில் படுத்துத் தூங்கியிருக்கிறார். நான் அறியவில்லையே, காக்கா. அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. உங்கள் மேல் வருகிற கோபம்கூட அதற்கு அடுத்ததுதான்.

டப்பாவைக் கடலில் போட மாட்டேன். அஃபிடவிட்டில் கையெழுத்தும் போட மாட்டேன். அந்த டாக்டர் எனக்காக வாயைப் பெரிதாக அசைத்து அசைத்து அரை மணி நேரம் விளக்கிய பெண். தாஹிர் எழுதியதைப் பார்த்து அவரிடம் போகாமல் நிறுத்தியவர்கள் எத்தனை பேரோ, அவர்கள் வீட்டில் என்ன ஆகுமோ.

தாஹிருக்கு நான் சொல்வதாக இல்லை. நான் சொன்னால் அது உம்மா மாமாவைப் பற்றிச் சொன்ன கதையாகிவிடும். இதோடு எல்லாக் கடிதங்களையும் வைத்து அனுப்புகிறேன். உங்களுடையதும் இருக்கிறது, உங்கள் கடிதங்களுக்கு நான் எழுதியதன் நகலும் இருக்கிறது. ரெண்டு மாதமாகத் தன் ஆபீஸ் பையில் இவற்றைச் சுமந்தவன் அவன்தான். அவனுக்கு வாசிக்கத் தெரியாது. நீங்களே உட்கார வைத்து, முதல் வரியிலிருந்து கடைசி வரி வரைக்கும், உங்கள் வாயால் வாசித்துக் காட்டுங்கள். ஒரு சொல் விடக் கூடாது. அந்தச் சாக்கு, அந்தச் சிரிப்பு, வாஷி பாலம், எல்லாம்.

அதைச் செய்யாவிட்டால் நாற்பதாம் நாள் ஃபாத்திஹாவுக்கு வராதீர்கள். செய்தாலும் வரலாமா என்று எனக்கு இன்னும் தெரியவில்லை.

சைனப்

---

தாராவி
28 செப்டம்பர் 2024

சைனபுக்கு,

இதைத் தபாலில் போடுகிறேன். கொண்டுவர இனி தாஹிர் வரமாட்டான்.

நேற்று ஜும்ஆ முடிந்து வந்தான். பட்டறைப் பிள்ளைகளைச் சாப்பிட அனுப்பிவிட்டுக் கதவைச் சாத்தினேன். நீ சொன்னபடி முதல் வரியிலிருந்து வாசித்தேன். 'உன் மகன் ஹிந்தியில் முழுங்கிவிடுகிறான்' என்ற இடத்தில் சிரித்தான். பிறகு சிரிக்கவில்லை. டப்பா வந்த இடத்தில் என்னை நிறுத்தி, மறுபடியும் வாசிக்கச் சொன்னான். பட்டறைப் பேச்சை எழுதிய என் கடிதம் வந்தபோது நடுவில் நின்றுவிட்டேன். தண்ணீர் கொடுத்தான். அவனே கொடுத்தான், சைனப்.

முடிந்ததும் வக்கீலுக்குப் போன் செய்து, கேஸ் வேண்டாம் என்று சொல்லிவிட்டான். போனில் தான் எழுதியதைத் தேடி அழித்தான். திங்கட்கிழமை டாக்டரம்மாவை நேரில் பார்க்கப் போகிறானாம்.  பையை மாட்டிக்கொண்டு கதவு வரைக்கும் போய்த் திரும்பினான்.

"மாமா, ஏக் பாத், ஒண்ணு கேக்கணும். உங்களுக்கும் அதே டாக்டர்தானே? உங்களுக்கும் வஹீ கேப்சூல்தானா?"

"ஆமா."

"வாப்பா வந்துட்டுப் போன அன்னைக்கு ராத்திரி நீங்க போட்டீங்களா?"

இதை உனக்கு எழுதிய கடிதத்தில் நான் மறைத்துவிட்டேன். அவன் கேட்டதால் உனக்கும் சொல்கிறேன். போட்டேன். அவரைச் சிரித்து அனுப்பிவிட்டு, வீட்டுக்குப் போய், சாப்பிட்டு, எப்போதும்போல விழுங்கினேன். அடுத்த நாளும். அந்த நூற்றிருபது ராத்திரியும்.

தாஹிர் கிட்டே வந்தான். அடிப்பான் என்று நினைத்தேன், அடித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். என் சட்டைப் பையில் எட்டிப் பார்த்துக்கொண்டிருந்த அட்டையை உருவி, திருப்பிப் பார்த்து, மறுபடி பைக்குள்ளேயே வைத்தான்.

"போட்டுக்கோங்க மாமா. ஒரு நாள்கூட விடாதீங்க. நீங்க ரொம்ப நாள் இருக்கணும்" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டான்.

ராத்திரி வாயில் போட்டேன், சைனப். இறங்கவில்லை. நாக்குக்கு அடியில் வைத்துக்கொண்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன். அது இளகி ஒட்ட ஆரம்பித்தது. பிறகு ரெண்டு டம்ளர் தண்ணீர் குடித்து விழுங்கினேன். இன்றைக்கும் விழுங்க வேண்டும்.

ஜெயினுலாப்தீன்